அடி மட்டும்

உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து
கொறங்காட்டுக்குள் நடப்பேன்.
எங்கே அது எழுந்து நிற்கிறதோ
அங்கே ஒரு எருக்கங்குச்சி.
இருபத்திரெண்டு வருசம்.
முத்தூர், வெள்ளகோவில், மூலனூர் வரைக்கும்
வண்டி வைத்துக் கூட்டிப்போவார்கள்.
தண்ணி வந்தால் வேட்டி, துண்டு.
வராவிட்டால் யாரும் வந்து சொல்வதில்லை.
சொல்லாததையெல்லாம்
தண்ணி என்றே கணக்கு வைத்திருந்தேன்.

சொட்டுநீர்க் குழாய்க்கடை திலகமணி
ஒரு மாசியில் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள்.
எந்த ஊர், எந்த வருசம், எத்தனை அடி,
தண்ணி உண்டா இல்லையா.
காரணம் எழுத வேண்டாம்.
அடி மட்டும்.

நம் ஆட்கள் அதற்கு லேசில் அடங்குவார்களா.
ஒருத்தர் ஜாதகத்தைப் படம் பிடித்துப் போட்டார்.
ஒருத்தர் கன்னிமூலை பற்றி
ஏழு நிமிசம் பேசி அனுப்பினார்.
பங்காளிகள் ரெண்டு பேர்
வாய்க்கால் தகராறை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள்.
எல்லோருக்கும் திலகமணி எழுதியது ஒரே சொல்:
அடி?

பிறகு வரத் தொடங்கியது.
மயில்ரங்கம், 640, ரெண்டு இஞ்சு, ஆறு மாசம்.
லக்கமநாயக்கன்பட்டி, 720, இல்லை.
புதுப்பை, 1100, புழுதி.
பேர் சொல்லாத ஒருத்தர்,
1300, இல்லை, நகை, என்று எழுதினார்.
நகை காரணமில்லை போலிருக்கிறது.
திலகமணி அதை அழிக்கச் சொல்லவில்லை.

ஒன்றரை வருசம்
ஒரு எழுத்தும் எழுதாமல் படித்தேன்.
ஊர்ப்பேரைப் பார்த்ததும் குச்சி ஞாபகம் வரும்,
கிளுவை வேலி வரும்,
கேட்டில் கட்டியிருந்த நாய், செம்பில் கொடுத்த மோர்.
மோர் கொடுத்த வீட்டுக்கு நேரே
980, புழுதி.
சென்னியப்பன்தான் பார்த்துக் கொடுத்தான் என்று
எவரும் எழுதவில்லை.
விதி அப்படி. காரணம் எழுதக்கூடாது.
காரணம் நான்.

ஒரு ஞாயித்துக்கிழமை
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் கோடு கிழித்து எண்ணினேன்.
நான் குச்சி நட்டது எண்பத்தி மூணு.
தண்ணி முப்பத்தி ஆறு.
நூற்றுக்கு நாற்பத்தி மூணு.
மற்ற குழிகள்,
எவர் பார்த்ததோ, எவரும் பார்க்காமல்
ரிக் லாரி திரும்ப வசதி என்று போட்டதோ,
நூற்றுக்கு நாற்பத்தி நாலு.

அந்த ஒரு எண்
சோற்றுத் தட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கை கழுவிவிட்டு அனுப்பினேன்:
தண்ணி பார்க்கும் சென்னியப்பன். 83. இல்லை 47.
நீலக் குறி விழுந்தது.
யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.
திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.
பதினோரு மணிக்கு மேல்
தாராபுரம் பக்கம், முகம் தெரியாத
வேப்பங்கவட்டைக்காரர் ஒருத்தர் எழுதினார்:
எனக்கு 61. இல்லை 38.
அவரை இன்னும் நேரில் பார்த்ததில்லை.

இப்பவும் தேங்காய் எழுந்துதான் நிற்கிறது.
கை பொய் சொல்லவில்லை.
அதற்கு என்னவோ தெரிகிறது,
தண்ணி இல்லை, வேறென்னவோ.

போன மாசம் வாசலில் ஒரு கார்.
குட்டப்பாளையத்துக்காரர்.
“ஏனுங், ஒரு எட்டு வந்து பார்த்துக் குடுங்க.”
போனை நீட்டினேன்.
“உங்க காட்டைச் சுத்தி பத்தொம்பது குழி,
பதினாலு காஞ்சு போச்சுங்க.
இதைப் பார்த்துப்போட்டு
அப்பறம் உங்க பிரியம்.”
தேங்காயை அவரே உரித்து
மஞ்சள் பூசி முன்சீட்டில் வைத்திருந்தார்.
போனைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார்,
ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினார்.

மூணாம் நாள் ராத்திரி
காற்று அக்கட்டாலிருந்து அடித்தது.
ரிக் சத்தம் விடிய விடிய.
விடிந்தபோது இல்லை.

குழுவில் புதிதாக ஒரு நம்பர்.
குட்டப்பாளையம், 860.
அதோடு நின்றது.
எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது.
நின்றது.
மறுபடியும் காட்டியது.