விபத்தில்லா நாட்கள்

புக்கிட் செராயா டவுனில்
கோயில் இரண்டு, சூராவ் ஒன்று,
நாலு நம்பர் கடை மூன்று.
அப்புறம், செம்பனை ஆலை வாசலில் ஒரு பலகை.
மூன்று ஆணிகள், ஆணிக்கொரு எண் தகடு.
காலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது
நேற்றைய எண்ணைக் கழற்றி
இன்றையதை மாட்டுவது என் வேலை.
சம்பளத் தாளில் அதற்குப் பெயர்
இதர பணிகள்.

கடைசியாகப் பூஜ்யம் மாட்டிய அன்று
சின்னக்கண்ணுவின் இரண்டு விரல்கள்
இன்னும் பிரெஸ்ஸுக்குள் இருந்தன.

நான் எந்தக் கோயிலுக்கும் வரி கட்டாதவள்.
குடிக்கணக்கெடுப்பில் "மதம் இல்லை" என்றேன்.
வந்த பையன் இரண்டு முறை கேட்டான்,
பிறகு என் பெயரைப் பார்த்து
அவனாகவே ஒன்றைக் குறித்துக்கொண்டான்.

நூற்றுப் பன்னிரண்டு வரை வெறும் எண்தான்.
நூற்றுப் பதின்மூன்றில்
பாய்லர் சன்னாசி தகட்டைத் தொட்டு
விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.
பின்னால் வந்த நேப்பாளி தில்பகதூர்
என்ன ஏது என்று கேட்காமல் தானும் தொட்டான்.
ரஃபீக் தொடவில்லை,
அந்த இடம் வந்ததும் சிகரெட்டை மட்டும் அணைத்தான்.
அப்புறம் அங்கே யாரும் துப்பவில்லை.
யாரும் சொல்லவில்லை, எழுதி ஒட்டவுமில்லை.
இருநூறில் ஒரு எலுமிச்சம்பழம் வந்தது.

பாதுகாப்பு அதிகாரி பழத்தை எடுத்து
"மூடநம்பிக்கை" என்று சாக்கடையில் எறிந்தார்.
எறிந்த கையோடு
தரையின் மஞ்சள் கோட்டை மிதிக்காமல்
காலை எட்டி வைத்துப் போனார்.
கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒரே சிமெண்டு.

இருநூற்று நாற்பத்தொன்று அன்று எனக்குக் காய்ச்சல்.
ஏழே காலுக்கு மண்டோர் போனில் வந்தார்:
"கிராணிம்மா, எவனும் உள்ள போக மாட்டேங்கிறான்.
லோரியில குலை அழுகுது.
நம்பர மட்டும் மாத்திக் குடுத்துட்டுப் போயிடுங்க."
"நீங்களே மாத்தலாமே?"
"நானா?" என்றார்,
கருவறைக்குள் போகச் சொன்னதைப் போல.

போனேன். தலை சுற்றியது.
முப்பது பேர் பேச்சை நிறுத்தி வழி விட்டார்கள்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான்
முக்காலியில் ஏறினேன்.
அது வழுக்கும் முக்காலி.

அதனால்தான் கழற்றினேன்.