நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

சுத்த அறைக்குள் காகிதம் ஆகாது.
தூசு உதிருமாம்.
ஆகவே பாயான் லெப்பாஸில் எங்கள் நாவல்
ஷிப்ட் முடியும்வரை லாக்கரில்
குமுதவல்லியின் செருப்புக்கும் மைலோ போத்தலுக்கும் நடுவே
படுத்துக் கிடக்கும்.

நான்தான் கொடுத்தேன்.
"முதல் முப்பது பக்கம் இழுக்கும்.
கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்கிறதா நினைச்சுக்கோ."
கதையைச் சொல்லவில்லை.
சொல்லிவிடாதிருக்க
பாலம் முடியும்வரை
பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

உள்ளே எல்லோரும் உச்சி முதல் கால்வரை வெள்ளை.
கண் மட்டும்தான் ஆள்.
மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து
விரலால் பக்க எண் காட்டுவாள்:
ஒன்பது, ஐந்து.
பழுதான சில்லுகளின் கணக்கென்று
சூப்பர்வைசர் லிம் குறித்துக்கொண்டார்.

ஒன்று, மூன்று, எட்டு.
அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.
இன்னும் ஐந்து பக்கம்.
வீட்டை விட்டுப் போனவன்
மழையில் திரும்பி வருவான்,
மறந்துவிட்ட குடையை எடுக்க.
அவள் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து
தலை துவட்டத் துண்டு கொடுப்பாள்.
அந்த இடத்தில்
பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் நான் அழுத அழுகைக்கு
முன்பின் தெரியாத பங்களாதேஷ் பையன்
டிஷ்யூ நீட்டினான்.

மறுநாள் அவள் கண்ணைத் தேடினேன்.
சிவந்திருந்தது.
அப்பாடா.
பிறகுதான் தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

சிரிக்கிறாள்!

கேன்டீனில் மீ கோரெங் ஆறிக்கொண்டிருக்க
"குடைக்காடி வந்தான்? குடைக்கா?" என்று
மேசையைத் தட்டித் தட்டி.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் புத்தகத்தைத் திருப்பி வாங்கி
பாலத்து விளக்குகள் பக்கத்தின்மேல் விழுந்து விழுந்து எழ
மறுபடி படித்தேன்.

துண்டு கொடுக்கிறாள்.
துவட்டிக்கொள்கிறான்.
குடையை எடுத்துக்கொண்டு போகிறான்.
போகும்போது
துண்டையும் தோளில் போட்டுக்கொண்டே போகிறான்.

இது எப்படி என் கண்ணில் படாமல் போயிற்று?
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது,
அப்படிச் சிரித்தேன்.

நாளைக்கு அவள் எனக்கொரு புத்தகம் கொண்டு வருகிறாளாம்.
"வயிறு வலிக்கச் சிரிப்ப.
கண்ணை மூடிக்கிட்டுப் படி" என்றாள்.

பையில் இப்போதே
ஒரு கைக்குட்டை எடுத்து வைத்துவிட்டேன்.