குளிர்பெட்டி

தீர்மானம் பதினொன்று:
குளிர்பெட்டி நம் சபையாருக்கு மட்டும்.
எழுதியவன் நான். கமிட்டிச் செயலாளர்.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.

வைகாசி. வெள்ளகோவிலில்
தறி இரும்பைத் தொட்டால் கை பொத்துப்போகும் வெயில்.
வாய்க்காலுக்கு அக்கட்டால, கிழக்கு வளவில்
ரெபேக்காள் இறந்துபோனாள்.
நூல்மில்லில் பன்னிரண்டு வருசம்,
ஞாயிறுகளில் தகரக்கூரைப் பெந்தெகொஸ்தே சபை.
மகன் குவைத்தில்.
வந்து சேர இரண்டு நாளாகுமாம்.

பாஸ்டர் எலிசா என் வாசலில்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.
"பெட்டி வேணுமுங்க."
தீர்மானத்தைக் காட்டினேன்.
அவர் அதை முழுசாகப் படித்தார்.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஐக்கியக் கூட்டத்துக்காக அன்று
பேராயர் சுவிசேஷமுத்து ஊரில் இருந்தார்.
மத்தியானத்திலிருந்து எல்லாச் சபைப் பெரியவர்களும்
ஒரு சொல்லில் முட்டி நின்றார்கள்:
விசுவாசப் பிரமாணத்தில்
பொதுவான சபை என்பதா, கத்தோலிக்க சபை என்பதா.

யாரோ அவர் காதில் சொன்னார்கள்.
எழுந்தார். அங்கியைக் கழற்றி
நாற்காலியில் போட்டார்.
"சாவி எங்கிருக்குதுங்க?"
உத்தரவு இல்லை அது.
சாவிதான் கேட்டார்.

உள்ளே யாரும் இல்லாமலே பெட்டி கனம்.
முன்பக்கம் பேராயரும் பங்குத்தந்தை இன்னாசியும்.
பின்னால் எலிசா.
நாலாவது மூலை கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்றது.
நான் சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.
மினிலாரி ஓட்டும் வெள்ளியங்கிரி,
நெற்றி நிறையத் திருநீறு,
"நவுருங்ணா" என்று வந்து பிடித்தான்.

வளவுச் சந்தில் லாரி நுழையாது.
சாக்கடையில் பேராயரின் கால் இறங்கியது, கணுக்கால் வரை.
பங்குத்தந்தை சிரித்தார்.
அடுத்த அடியில் அவரும் இறங்கினார்.

அந்த வீட்டில் பிளக் ஒன்றுதான்.
ஃபேனைப் பிடுங்கிவிட்டுப் பெட்டிக்குக் கரண்டு கொடுத்தார்கள்.
பேராயர் தரையில் உட்கார்ந்து
ஐக்கிய ஜெபம் அச்சடித்த அட்டையால்
ரெபேக்காளின் தங்கச்சிக்கு விசிறினார்.
அட்டை வேர்வையில் ஊறி
எழுத்து விரலில் ஒட்டியது.

இரவு குழாயடியில் கால் கழுவ வந்தார்.
சொம்பை வாங்கி நான் தண்ணி ஊற்றினேன்.
வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.
"அந்தச் சொல் என்னாச்சுங்க ஐயா?"
"எந்தச் சொல்லுங்க?"

நோட்டை எடுத்துப் பதினொன்றை அடித்தேன்.
மேலே, கோணலாக,
பொது என்று எழுதினேன்.

கமிட்டி இன்னும் ஒப்பவில்லை.
பெட்டி மட்டும்
போய்ப்போய் வருகிறது.