தகடு நாற்பத்தொன்று

ஸிந்தரில் மார்ச் மாதக் காற்றை
விரலால் தொட்டுப் பார்க்கலாம். அவ்வளவு புழுதி.
மூக்கின் உள்தோல் வெடிக்கும்.
வெடிப்புக்குப் பக்கத்திலேயே அது குடியிருக்கிறது,
நம்மில் பலருடைய தொண்டையில்,
வாடகை பாக்கி வைக்காத குடித்தனம்போல்
ஒரு வம்புக்கும் போகாமல்.

இவனுக்கு மட்டும் ஏன் என்றாள் ரக்கியா.
நான் மருத்துவர் இல்லை, அக்கா.
மின்சாரம் இருக்கும் நேரத்தில்
கண்ணாடித் தகடு பார்ப்பவள்.

பையன் பெயர் இல்லோ. எட்டு வயது.
மேய்ப்பது பதினோரு ஆடு.
மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவே
சொருகிக்கொண்டு வந்தார்கள்.
கழுத்து, பின்பக்கம் வளைந்து இறுகிய விறகு.
முதுகிலிருந்து எடுத்த நீர்
பளிங்காய் இருந்திருக்க வேண்டும்.
கம்பு கழுவிய தண்ணீராய் இருந்தது.

சாயமிட்டு, கழுவி, உலர்த்தி,
எண்ணெய்ச் சொட்டு வைத்துக் குனிந்தேன்.
ஊதா நிறத்தில்
இரண்டிரண்டாய்,
சந்தைக்குப் போகும் தம்பதிகள்போல்
அவசரமே இல்லாமல்.
அழகாய்த்தான் இருந்தன. அதை நான்
யாரிடமும் சொன்னதில்லை.

தகடு காட்டாததும் உண்டு.
மூளையின் அடிமடிப்பில்
கடல்குதிரை வடிவில் சுருண்ட ஒரு துண்டு.
வழியும் முகமும் நேற்றும் அங்கேதான் பதியும்.
கடலையே பார்த்திராத இந்த ஊரில்
ஒவ்வொரு தலைக்குள்ளும் ஒரு கடல்குதிரை,
காதுக்குக் கொஞ்சம் மேலே, இருட்டில்.

அங்கே போய்ச் சேர்ந்த கிருமி
செல்லின் சுவரில் துளை போடுகிறது.
துளை வழியே சுண்ணாம்புச் சத்து உள்ளே பாய்கிறது.
உலையூதிக்கொண்டிருந்த சிறுசிறு அடுப்புகள்
வெடித்து அவிகின்றன.
சில செல்கள் அந்த இடத்திலேயே வீங்கிச் சாகின்றன.
சில செல்கள் செய்வதுதான்
எனக்கு இன்னும் பொறுக்கவில்லை:
யாரும் தொடாமலே
தம் ஏடுகளைத் தாமே துண்டு துண்டாய்க் கிழித்து,
சுருங்கி,
உள்தாழ் போட்டுக்கொண்டு போய்விடுகின்றன.

காவலுக்கு ஓடிவரும் வெள்ளணுக்களோ
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து
வீட்டைக் கொளுத்துகிற ஜாதி.

மருந்து? கொடுத்தோம். செவிலி ஷைபு
நரம்பு தேடி மூன்றாம் குத்தில் ஏற்றினார்.
கிருமி செத்தது.
சாகும்போது உடைந்தது.
உடைந்தபோது
உள்ளே வைத்திருந்த விஷத்தையெல்லாம் கொட்டிவிட்டுப் போனது.
வீக்கம் அடக்கும் மருந்து அதற்கும் முன்னால் போயிருந்தால் நல்லது என்பார்கள்.
அது செவ்வாய்க்கிழமை வந்தது.
அவன் வந்தது சனிக்கிழமை.

ஒன்பதாம் நாள் இல்லோ கண் திறந்து
கஞ்சி கேட்டான்.
கத்திக் கேட்டான், தன் குரல் தனக்கு எட்டாததால்.
ரக்கியா அழுதாள், சிரித்தாள்,
பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று
தகர டப்பாவைத் தட்டினாள்.
தட்டிக்கொண்டே இருந்தாள்.
நான் சாயப் புட்டிகளை அடுக்கினேன்,
அடுக்கியதையே மறுபடி.

ஜூனில் மழை வந்தது. தகடுகள் தெளிந்தன.
தடுப்பூசிக் குழுவோடு அவன் ஊருக்குப் போனேன்.
இப்போது வீட்டு வழி நிற்பதில்லையாம் அவனுக்கு,
கிணற்றுக்கும் வேலிக்கும் இடையிலேயே
திகைத்து நின்றுவிடுகிறானாம்.
ஆடு மேய்க்க விடுகிறாயே என்றேன்.
"ஆட்டுக்குத் தெரியுமே" என்றாள் ரக்கியா.

சாயங்காலம் பார்த்தேன்.
முன்னால் பதினோரு ஆடு,
கழுத்து மணி ஒலிக்க.
கடைசி ஆட்டின் வாலில் கண் வைத்து
நடந்து வருகிறான் இல்லோ.
வாசலில் ஆடுகள் நின்றதும் நின்றான்.
சுவரைத் தடவினான். ஈர மண்.
என்னைப் பார்த்து, முதல்முறை பார்ப்பதுபோல்
மரியாதையாக வணக்கம் சொன்னான்,
ஊர் முழுக்கக் கேட்கும்படி.