உள்ளங்கால்

ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
கண்ணாடிப் பெட்டிக்குள்
ஆயிரத்து நூற்றிருபது கிராம்.
சந்தையில் ஒரு கிலோ சாளையும்
மேலே அள்ளிப்போடும் கொசுறும் சேர்ந்தால் வரும் எடை.
காலில் சீட்டு: டெல்பினாவின் ஆண்.
வேறு பெயர் இன்னும் இல்லை.

அவன் மூச்சுவிட மறந்துபோகிறான்.
மாதம் நிறையாத பிள்ளைகளுக்கு
அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்கிறார்கள்.
விடுகிறான், விடுகிறான், விடுகிறான்,
பிறகு ஏதோ யோசனைபோல நிறுத்திவிடுகிறான்.
திரையில் எண் இறங்கும்.
தொண்ணூறு. எண்பத்திரண்டு.
உதடு நாவற்பழத் தோலாகும்.
மணி அடிக்கும்.

பிரிஸ்கில்லா சிஸ்டர் ஓடிவருவதில்லை, நடந்துதான் வருவார்.
வட்டத் துளை வழியே கையை விட்டு
உள்ளங்காலில் ஒரு சுண்டு.
"லேய் மக்கா, இங்க இரு."
முகம் சுளித்து, கடனைத் திருப்பித் தருகிறவன்போல
மூச்சை இழுப்பான்.

நேற்றிரவு பதினோரு தடவை எண்ணினேன்.
பிறகு எண்ணவில்லை.

முட்டத்தில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது
படைத்தது ஆறு நாள், ஓய்ந்தது ஏழாம் நாள்.
கட்டுமரத்தைத் தள்ளிவிட்டு
கைமணலை உதறிக்கொண்டு கரையேறிவிட்டவர் என்றே
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
தள்ளியது அவர். துழாவுவது நாம்.

இப்போது எதிரே இருக்கும் சுவரைப் பார்க்கிறேன்.
அது நின்றுகொண்டே இருக்கிறது.
எவ்வளவு வேலை!
மருந்துப் புட்டி, ஜன்னலுக்கு அப்பால் வேளிமலை,
பார்வதிபுரம் பாலத்தில் ஏறும் லாரியின் முக்கல்,
கரை தெரியாத நீவாட்டில் வலையோடு கிடக்கும் ஆன்றோஸ்
(பிள்ளை பிறந்தது அவனுக்குத் தெரியாது),
அந்தத் தெரியாமைகூட
தானாக இருக்கத் தெரிந்தது இல்லை.
எல்லாம் மாதம் நிறையாமல் பிறந்தவை.

வியாழக்கிழமை நான்காம் பெட்டி காலியானது.
அருமனையிலிருந்து வந்த பெண்.
சிஸ்டர் சுண்டினார். மறுபடி சுண்டினார்.
அன்றைக்கு மட்டும் ஓடினார்.
"அந்நேரம் அவரு உறங்கிட்டாராக்கா?"
என்று அவள் என்னிடம் கேட்டாள்.

எனக்குப் பதில் இல்லை.
தோன்றிய ஒன்றையும் சொல்லவில்லை,
சொன்னால் அடிப்பாள், அடிக்கவும் வேண்டும்:
அவர் கைவிட்டால் வருவது சாவில்லை.
சாவதற்கும் இருக்கவேண்டுமே.
கைவிட்டால் அந்தப் பிள்ளை பிறந்ததே இராது,
அவள் மார்பில் கட்டிக்கொண்ட பால் இராது,
கேள்வி இராது.
அந்தக் குரலையும் அந்நேரம்
அவர்தான் பிடித்திருந்தார்,
தம்மேல் வீசப்பட.

இது ஆறுதலா?
தெரியவில்லை. பால் கட்டினால் வலிக்கும், அது தெரியும்.

மணி மூன்றே கால்.
எண்பத்தாறு.
சிஸ்டரின் கை ஏழாம் பெட்டிக்குள் இருக்கிறது.
"நீயே சுண்டு" என்கிறார், திரும்பாமல்.
சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி
துளைக்குள் விடுகிறேன்.
அவன் கால் என் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

லேய் மக்கா.
இங்க இரு.