பக்கம் நாற்பத்தொன்று

பங்கின் நூற்றாண்டு மலருக்கு
பக்கத்துக்கு இருபது ரூபாய் வீதம்
தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.
தாழைமுக்குத் துறையின் கதை என்று
ஆளுக்கொரு தாள் கொடுத்துப் போகிறார்கள்.
சிலது தமிழ்.
சிலது மலையாள எழுத்தில் தமிழ்.
ஒன்று லாட்டரிச் சீட்டுகளின் முதுகில்,
மொத்தம் பதினான்கு சீட்டு, நூல் கோத்து.

கப்பல் தட்டிய வருடத்தில்
ஒருத்தருக்கும் ஒற்றுமை இல்லை.
ஐம்பத்திமூன்று என்கிறார் சிலுவடிமை.
இல்ல மக்கா, எல்லைக்கல்லு நட்ட பிறவாக்கும்,
எனக்க கலியாணத்துக்கு முந்தின வாவு
என்கிறாள் செலஸ்தீனா.
பாய் கட்டியது, புகை விட்டது,
இரண்டும் உண்டு என்று மூன்று சாட்சி.
சரக்கு கோதுமை.
சரக்கு குடைக்கம்பி.
சரக்கு பால்மாவு, டப்பாவில் சிவப்புப் பசு;
அந்த டப்பாவில்தான் இன்றும் அரிசி அளக்கிறோம்
என்று வறுவேல் எழுதி
இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறார்.

அப்போது துறையில் சுங்கப்புரை இருந்ததாம்.
திருவிதாங்கூர் சங்கு பதித்த தூண் இரண்டு,
ஒன்று கடலுக்குள் போயிற்று,
ஒன்றில் இப்போது செல்போன் கடைக்காரர்
விளம்பரத் துணி கட்டுகிறார்.
புதுச் சுவருக்கு
அக்கரையில் புலிமுட்டு என்று பேர்,
இங்கே தூண்டில் வளைவு.
கல் ஒரே குவாரிக் கல்.

பலகை பற்றி மட்டும் எல்லாத் தாளும் ஒரே பேச்சு.
கோயில் தெருவில் பதினொரு கதவு
அந்தக் கப்பலின் மரம்.
சாரலுக்கு உப்பு வியர்க்கும்.
எங்கள் வீட்டுப் பங்கு
கோழிக்கூட்டின் முன்பக்கம்.

வியாழக்கிழமை, கரண்ட் போன நேரம்,
புளோரி வந்தாள். தாள் கொண்டு வரவில்லை.
நான் சொல்லியேன், நீ அடி என்றாள்.
இருட்டில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

கப்பலில் ஆள் கத்துது என்று
இங்கிருந்து ஒரு வள்ளம் போச்சு. ஏழு பேரு.
மூணாம் நாள் பலகை வந்துது.
சனம் பலகைக்கு ஓடிச்சு.
வேற ஒண்ணும் வரல்ல.

ஆறு பேர் சொன்னாள்:
அந்தோணிப்பிச்சை, வியாகுலம், தொம்மை,
தொம்மையின் தம்பி லேயோன்,
சூசைமிக்கேல், அப்பன் பனியடிமை.
ஏழாமத்தவன் பூவாறு பக்கம் உள்ளவன்.
ஆறு மாசம் இங்க மடி இழுத்தான்.
வரத்தா என்று விளிச்சால் ஏன் என்பான்.
வேற பேரு ஆரும் கேக்கல்ல.

மலர்க்குழுச் செயலாளர்
கணினித் திரையை எட்டிப் பார்த்தார்.
ஆறு போதும், அவன் அக்கரைக்காரன்,
அவங்க பங்கு மலரில் வரட்டும்.
பிறகு சொன்னார்: இதுக்குப் பக்கம் இல்லையே,
வறுவேலின் டப்பாவுக்கு படம் வேறு போடணும்.

மாலை கோழி அடைக்கப் போனேன்.
இத்தனை வருடம் கைவைத்துச் சாத்திய பலகை.
கப்பல் பலகை என்றால் ஆணி போயிருக்கும்,
துருவின் கறை இருக்கும்.
இதன் விளிம்பில் வரிசையாகத் துளைகள்,
விரல் நுனி நுழையும் அளவு,
உள்ளே கயிற்று நார் கறுத்துக் கிடக்கிறது.
எங்கள் கடப்புறத்தில் அந்தக் காலம்
வள்ளத்தைத் தைப்பார்கள்.

அப்பாவிடம் கேட்டேன்.
அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.
கொஞ்சம் கழித்து, திரும்பாமல்:
கோழிய அடச்சியா?

பக்கம் நாற்பத்தொன்றில்
ஒன்று முதல் ஆறு வரை அடித்தேன்.
ஏழு என்று போட்டு, புள்ளி வைத்து
அப்படியே விட்டிருக்கிறேன்.
பிழை திருத்துகிறவர் நாளை கூப்பிடுவார்,
ஒரு வரி விட்டுப்போச்சு என்று.

துளைகள் இருபத்தாறு.
ஒன்றில் பெட்டைக்கோழியின் இறகு
செருகி நிற்கிறது. பிடுங்கவில்லை.