மாட்டு ரொட்டி

வியாழக்கிழமை மாலை வகுப்பில்
ஆளுக்கொரு வாரம், சின்ன வயசுப் பலகாரம்.
செய்து கொண்டுவர வேண்டும். அதைப் பற்றி
இந்த ஊர் பாஷையில் ஐந்து வாக்கியம் சொல்லவும் வேண்டும்.
ராக்ன்ஹில் டீச்சரின் ஏற்பாடு.

நிஸ்ரீன் திராட்சை இலைச் சுருள் கொண்டுவந்தாள்,
அறுபத்துநான்கு, எல்லாம் சுண்டுவிரல் பருமன்.
ஜோவெலின் வாழையிலைக்காக
ட்ரோம்சோ வரை ஆள் சொல்லியனுப்பினாள்.
ஹப்டோம் மூன்று நாள் மாவைப் புளிக்கவைத்து,
சுட்டு, பேருந்தில் மடியில் ஏந்தி வந்தான்,
காய்ச்சல்காரப் பிள்ளையை ஏந்துவதுபோல.

அடுத்தது நான். கெர்ரின். டாஸ்மேனியா.
அங்கேயும் சால்மன் பண்ணை, இங்கேயும் சால்மன் பண்ணை,
தண்ணீர்தான் வேறு என்று
கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிபவள்.

என் பலகாரத்துக்கு அடுப்பு வேண்டாம்.
வெள்ளை ரொட்டி. வெண்ணெய். அதன்மேல்
கடுகளவு வண்ணச் சர்க்கரை மணிகள்.
குறுக்கே ஒரு வெட்டு, முக்கோணம், முடிந்தது.
ஹம்மர்ஃபெஸ்ட் கடையில் குச்சி குச்சியாகத்தான் கிடைத்தது.
குச்சி ஆகாது. ஏன் என்று கேட்காதீர்கள்.
தங்கை அனுப்பிய டப்பா வர மூன்று வாரம்,
தபால் அலுவலகத்தில் இரண்டு கையெழுத்து.

நவம்பர் கடைசி. ஜன்னலில் பகலே இல்லை.
குழல் விளக்கின் கீழே தட்டைத் திறந்தேன்.
யாரோ குழந்தை விட்டுப்போன பொம்மையை
நான் எடுத்து வந்ததுபோல் இருந்தது.

தேவதை ரொட்டி என்பது எங்கள் ஊர்ப் பெயர்.
அகராதி பார்த்து அப்படியே சொன்னேன்.
இங்கே தேவதைக்கும் கால்நடைக்கும் ஒரே சொல்லாம்,
எனக்கு யார் சொன்னார்கள்?
ராக்ன்ஹில் வாயைப் பொத்திக்கொண்டாள்.
விஷயம் புரிந்ததும் வகுப்பே குலுங்கியது.
ஹப்டோம் மட்டும் சிரிக்காமல் தட்டையே பார்த்தான்.
"ஏழு வயதில் பதினோரு மாடு மேய்த்தேன்.
ஒன்றுக்கும் இது கிடைத்ததில்லை."

செய்ய எவ்வளவு நேரம் என்று நிஸ்ரீன் கேட்டாள்.
இரண்டு நிமிடம் என்றேன்.
பொய் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது வாக்கியத்தில் சிக்கிக்கொண்டேன்.
நான் சொல்ல வேண்டியிருந்தது இது:
ஜனவரி வெயில், கராஜில் பலகை மேசை,
அம்மா ரொட்டியைக் கவிழ்த்து மணிகளில் அழுத்துகிறாள்,
சத்தமாகப் பாடிக்கொண்டே.
அந்த வாரம்தான் அப்பாவின் ஆலையை மூடியிருந்தார்கள்.
வந்திருந்த பதினான்கு பிள்ளைகளுக்கும் தெரியாது,
பதினைந்தாவதாக எனக்கும்.
இதற்கு என்னிடமிருந்த இறந்தகாலம் போதவில்லை.
"அம்மா செய்தாள். நான் சந்தோஷம்" என்றேன்.

சோலோமியா ஒன்றை எடுத்துக் கடித்தாள்.
மென்றபடியே, "எங்களுக்குத் தண்ணீர்" என்றாள்.
தண்ணீரில் ஒரு முக்கு, சர்க்கரையில் ஒரு புரட்டு,
கையில் ஏந்திக்கொண்டு தெருவுக்கு ஓட்டம்.
"வெண்ணெய் கிடையாது. பிறந்தநாளும் வேண்டாம்.
செவ்வாய்க்கிழமைகூடத் தின்போம்."

ஜோவெலினுக்குப் பிடிக்கவில்லை.
நன்றாக இருக்கிறது என்றாள்,
தேநீரை ஊற்றி விழுங்கினாள்,
இன்னொன்று எடுக்கவில்லை.

வகுப்பு நேரமெல்லாம் கோட்டுக் குவியலுக்கு அடியில்
படுத்துக்கிடப்பவன் சோலோமியாவின் மகன் தனிலோ.
வந்தான், நான்கு தின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை.
பிறகு விரலை நாக்கில் நனைத்து
தட்டில் உதிர்ந்த மணிகளை ஒற்றி ஒற்றி எடுத்தான்.
ஹப்டோம் பார்த்தான். அவன் விரலும் நாக்குக்குப் போனது.
அப்புறம் நிஸ்ரீனுடையது.
டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு.

வீட்டில் நோட்டைப் பிரித்தேன்.
இவர்கள் அகரவரிசையின் கடைசி எழுத்து
முதல் எழுத்தேதான், தலையில் ஒரு வட்டம் கூடுதல்.
நான் எப்போதும் விட்டுவிடுவேன்,
ராக்ன்ஹில் சிவப்பில் போட்டுத் தருவாள்.
இன்று அங்கே ஒரு நீல மணி ஒட்டியிருந்தது,
சரியாக இல்லை, சற்றே வலப்பக்கம் தள்ளி.

நகத்தால் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.
அப்புறம் பேனாவை எடுத்து
வட்டம் போட்டேன்.